பழைய மாளிகையில் புதிய காரியாலயம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவு, அச்சுக்காகச் சுருக்கித் திருத்தப்பெற்றது)



கட்டடக் கலையைப் பற்றி ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவு நிகழவேண்டும் என்று பொருள் ஒதுக்கி வைத்தவர்கள், பேசுகிறவர் கோயிற் கோபுரங்களைப் பற்றியே பேசவேண்டும் என்று நிபந்தனை எதுவும் விதிக்கவில்லை. அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்திக்கொண்டு, இன்று கோபுரத்தையும் மண்டபத்தையும் விட்டு, நம்மில் பலர் மனுவோடும் ரசீதோடும் ஏறி இறங்கியிருக்கும் படிக்கட்டுகளுக்கு உங்களை அழைத்துச் செல்லலாம் என்று எண்ணுகிறேன். சென்னையில் சர்க்கார் காரியாலயங்களாக விளங்கிவரும் பழைய மாளிகைகளின் உள்ளிடமே என் விஷயம்.

பழைய கட்டடங்களைக் காக்கவேண்டும் என்னும் அபிப்பிராயத்துக்கு இக்காலத்தில் வெளிப்படையான விரோதிகள் அதிகம் பேர் இல்லை. ஆனால் காப்பது என்றால் எதைக் காப்பது என்று கேட்டால், பெரும்பாலோர் தெருவில் நின்றபடியே முகப்பைச் சுட்டிக்காட்டுகிறார்கள். வளைவுகளுக்கு வர்ணம் தீட்டி, குவிமாடத்தின் மேல் விளக்குகளைப் பாய்ச்சி, வாசலில் ஒரு கல்வெட்டும் பதித்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுகிறவர்கள், அதே கட்டடத்தின் உள்ளே பிளைவுட் தடுப்புகளும், ஃபால்ஸ் சீலிங்கும், பளபளக்கும் டைல்ஸும், சிமெண்டுப் பூச்சும் புகுந்து இடம் பிடித்துக்கொள்வதை மராமத்து என்றும் சௌகரியம் என்றும் சொல்லி ஏற்றுக்கொள்கிறார்கள்.

நான் நிலைநாட்ட விரும்புவது இது: பழைய கட்டடத்தின் உள்ளிடம் வெறும் அலங்காரமன்று, சுவரும் தளமும் உயரமும் சாளரமும் ஒன்றையொன்று சார்ந்து, வெப்பத்தையும் ஈரத்தையும் பாரத்தையும் சமாளிக்கும் ஓர் ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டை முதலில் மீட்கவேண்டும். பிறகு, அது எவ்வளவுக்கு இடங்கொடுக்கிறதோ அவ்வளவுக்கே நவீன காரியாலயத்தை அதனுள் அமைக்கவேண்டும். இந்த வரிசையை மாற்றினால், முகப்பு மட்டும் நிற்க, பின்னால் கட்டடம் மெல்ல மெல்ல மாய்ந்துபோகும். இதனை ஆறு பகுதிகளாக விளக்குகிறேன்.

1. காரியாலயம் பகையன்று

மாளிகையைக் காரியாலயமாக்குவதே அபசாரம் என்று கருதுவோர் உண்டு. அவர்களுக்குச் சேப்பாக்கம் அரண்மனையே பதில் சொல்லும். ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜா 1768-ஐ ஒட்டிக் குடிபுகுந்த அந்த அரண்மனை, கலச மகால், ஹுமாயூன் மகால் என்னும் இரு பெரும் பகுதிகளை உடையது. 1855-இல் கடைசி நவாபு குலாம் கௌஸ் கான் வாரிசின்றி மறைந்தபின், அது சர்க்காரின் கைக்குச் சென்று, வருவாய்த் துறை முதலிய இலாகாக்களின் இருப்பிடமாயிற்று. அப்போது அதனைப் புதிய உபயோகத்துக்கு ஏற்பச் சீரமைத்தவர், பின்னர் செனட் மண்டபத்தைக் கட்டிப் புகழ்பெற்ற ராபர்ட் சிஷோம். இரு மகால்களுக்கும் நடுவே இன்றும் நிற்கும் கோபுரம் அவர் சேர்த்ததே. ஆக, நவாபுகள் வாழ்ந்தது ஏறக்குறைய 90 ஆண்டுகள். காரியாலயங்கள் வாழ்ந்திருப்பதோ ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல். காரியாலயம் அங்கே நுழைந்திராவிட்டால், அந்த அரண்மனை ஏலத்தில் துண்டு துண்டாக விலைபோய்ச் செங்கல்லும் தேக்கும் வேறு எங்கோ போய்ச் சேர்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

பழஞ்சின்னங்களைப் பேணுவது குறித்து 1964-இல் வெனிஸ் நகரில் கூடிய நிபுணர்கள் வகுத்த சாசனமும், சமூகத்துக்குப் பயன்படும் ஒரு காரியத்துக்கு அவற்றை உபயோகிப்பது பாதுகாப்புக்குத் துணைபுரியும் என்றே ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்த உபயோகம் கட்டடத்தின் அமைப்பையோ அலங்காரத்தையோ மாற்றிவிடக் கூடாது என்ற எல்லையையும் உடனே வகுத்துவிடுகிறது. ஆள் புழங்காத கட்டடத்தில் அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாயைக் கவனிப்பார் இல்லை. விரிசலில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்குவார் இல்லை. ஆதலால் மாளிகையில் காரியாலயம் இருக்கலாமா என்பது கேள்வியன்று. எப்படி இருக்கவேண்டும் என்பதே கேள்வி.

2. சுவரின் இயல்பு

சென்னையின் பழைய சுவர்கள் செங்கல்லாலும் சுண்ணாம்புக் கலவையாலும் ஆனவை. அந்தச் சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக ஏற்று, பல ஆண்டுகளில் மறுபடியும் கல்லாக இறுகும் தன்மையது. இறுகிய பின்னும் நுண்துளைகள் மூடுவதில்லை. ஆகையால் ஐப்பசி கார்த்திகையில் தடித்த சுவர் உள்வாங்கிய ஈரம், தை பிறந்ததும் பூச்சின் வழியாகவே ஆவியாக வெளியேறிவிடுகிறது.

சிமெண்டுப் பூச்சு இதற்கு நேர்மாறானது. அது விரைவில் காயும், கெட்டியாக இருக்கும், ஒப்பந்தக்காரர் இரண்டு நாளில் சாரத்தைப் பிரித்துவிடலாம். ஆனால் அந்தக் கெட்டித்தன்மையே இங்கே தீமையாக முடிகிறது. வியர்க்கிற உடம்பின்மேல் ரப்பர் சட்டையை மாட்டிவிட்டது போல, வெளியேற வழியில்லாத ஈரம் சுவருக்குள்ளேயே தங்கி, தன்னோடு கரைத்துக்கொண்ட உப்பைச் செங்கல்லின் மேற்புறத்தில் படியவிடுகிறது. கடலை எதிர்நோக்கியிருக்கும் சேப்பாக்கம் போன்ற இடங்களில் உப்புக்குக் குறைவே இல்லை. உப்பு படிகமாகும்போதெல்லாம் செங்கல் பொரிந்து உதிர்கிறது. பூச்சு மட்டும் வெளியே அப்பழுக்கின்றி நிற்கிறது. விரலை மடக்கித் தட்டினால் உள்ளே வெற்றிடம் என்று ஒலிக்கும் அந்தப் பூச்சைப் பெயர்த்துப் பார்த்தால், செங்கல் இருந்த இடத்தில் சிவந்த பொடியே கொட்டும்.

இதற்குத் துணையாகத் தரையும் சேர்ந்துகொள்கிறது. மாநகராட்சிக் காரியாலயமான ரிப்பன் மாளிகையின் கீழ்த்தளத்தில் ஆதியில் பரப்பியிருந்தது கடப்பைக் கல். பின்னாளில் அதன் இடத்தைச் சலவைக்கல் பிடித்துக்கொண்டது. பொதுவாகச் சொல்லுமிடத்து, இணைப்புகளின் வழியே ஈரத்தைக் கசியவிடும் பழைய தரையைச் சிமெண்டுப் படுகையின்மேல் பதித்த வழுவழுப்பான கற்களால் மூடிவிட்டால், நிலத்தடி ஈரம் நாலாபுறமும் தேடிக் கடைசியில் சுவர் வழியாகவே மேலேறும். தரையை மாற்றியவர் ஒருவர், சுவர் ஈரத்துக்கு வைத்தியம் செய்பவர் வேறொருவர் என்று இருக்கிறவரை, காரணமும் காரியமும் ஒரே கோப்பில் சந்திப்பதே இல்லை.

ஆகவே உள்ளிடத்தை மீட்கும் வேலை, பூச்சைப் பெயர்ப்பதில் தொடங்குகிறது. இயந்திரத்தால் அதிரவிடாமல், கை உளியால் சிமெண்டை நீக்கி, உப்பைக் களைந்து, உதிர்ந்த செங்கல்லுக்கு ஈடாக அதே அளவுள்ள செங்கல்லைச் சுண்ணாம்பில் பதித்து, பிறகே பூசவேண்டும். சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றிப் பல நாள் ஊறப்போட்டு, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை விட்டுக் குழைத்து, ஒரு பூச்சு ஆறியபின் மறு பூச்சாக ஏற்றி, கடைசியில் கிளிஞ்சல் சுண்ணாம்பை மெல்லிய படலமாகப் பூசி, வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவது நம் கொத்தனார்களின் முறை. மதராஸ் சுண்ணாம்புப் பூச்சு பளிங்கை ஒத்திருக்கிறது என்று வெள்ளைக்காரர்கள் வியந்து எழுதியது இந்தக் கைவேலையைத்தான். இதன்மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் வர்ணத்தைப் பூசினால், செய்த வேலை அத்தனையும் வீண்.

3. தளமும் பாரமும்

அடுத்தது தலைக்கு மேலிருக்கும் தளம். மெட்ராஸ் டெரஸ் என்று கட்டடக்காரர்கள் பெயர் சொல்லும் முறையில், உத்திரங்களின்மேல் தேக்குச் சட்டங்களை ஒன்றரை அடி, இரண்டு அடி இடைவெளியில் வரிசையாகப் பரப்பி, அவற்றின்மேல் மெல்லிய சிறு செங்கற்களைக் குறுக்குவாட்டில் ஓரம் நிமிர்த்திச் சுண்ணாம்பில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பார்கள். நன்றாகச் செய்த தளம் நூறு ஆண்டுகளை எளிதில் தாண்டும்.

இதன் பலவீனம் ஓரிடத்தில்தான்: தேக்குச் சட்டத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் அந்த ஒரு சாண். முன்பு சொன்ன ஈரச் சுவரை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். சிமெண்டால் அடைபட்ட ஈரம், சுவரில் செருகிய மர முனையைச் சென்று பற்றுகிறது. நடுப்பகுதி இரும்பு போல் இருக்க, முனை மட்டும் உளுத்துப்போகிறது. ஒரு மெல்லிய குத்தூசியை அங்கே வைத்து அழுத்தினால், நல்ல தேக்கில் நுனிகூட இறங்காது. உளுத்த தேக்கில் கைப்பிடி வரை போய்விடும். இத்தனை எளிய பரீட்சையைக்கூட எவரும் செய்ய முடியாதபடி, சட்டத்தின் கீழே ஃபால்ஸ் சீலிங் மறைத்துக்கொண்டிருக்கிறது. சுவரைக் கெடுத்த காரணமும், அதனால் விளைந்த கேட்டைக் கண்ணுக்குக் காட்டாத காரணமும் ஒரே மராமத்துப் பட்டியலில் அடுத்தடுத்த இனங்களாக இடம்பெற்றிருக்கும்!

பாரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். கட்டடங்களின் மேல் ஏறும் சுமைக்கென வகுத்த ஐ.எஸ். 875 என்னும் இந்தியத் தர விதி, கோப்புகளை வைக்கத் தனி இடம் உடைய காரியாலய அறைக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 250 கிலோ என்றும், தனி இடம் இல்லாத அறைக்கு 4 கிலோநியூட்டன், அதாவது சுமார் 400 கிலோ என்றும் கணக்கிடச் சொல்கிறது. இதன் தாத்பரியம் என்ன? கட்டுக் கட்டாகக் கிடக்கும் பழைய கோப்புகளை மாடியிலிருந்து அப்புறப்படுத்திவிட்டால், ஒரு செங்கல்லையும் தொடாமலே, தளத்திடம் நாம் கேட்கும் பலத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. இரும்புத் தூண்களை நட்டுத் தளத்தைத் தாங்கவேண்டும் என்று மதிப்பீடு தயாரிக்கும் முன், அலமாரிகளைக் கீழே இறக்கலாமா என்று ஒருவர் கேட்டாலே போதும். உளுத்த முனைகளைச் செவ்வையாக அறுத்து, நல்ல தேக்கை ஒட்டுப்போட்டு, சுவருக்குள் அதைச் சுற்றிச் சிறிது காற்று உலவ இடம்விட்டால், பழைய சட்டங்களில் பெரும்பாலானவற்றை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

4. உயரமும் காற்றும்

18 அடி, 20 அடி உயரமுள்ள கூடத்தைப் பார்த்து, இவ்வளவு இடம் வீணாகிறதே என்று இரங்குவோர் பலர். அந்த உயரம் பிரபுத்துவ ஆடம்பரமன்று. சூடான காற்று மேலே எழும்பி, கூரையை ஒட்டிய சிறு சாளரங்களின் வழியே வெளியேற, கீழே தாழ்வாரத்தின் நிழலில் தணிந்த காற்று உள்ளே வருவதற்காக அமைந்தது. ஒன்பது பத்து அடியில் பொய்க்கூரை ஒன்றைத் தொங்கவிட்டதுமே மேற்சாளரங்கள் மறைந்துவிடுகின்றன, காற்று நின்றுவிடுகிறது, நின்றதனால் ஏர்கண்டிஷன் அவசியமாகிவிடுகிறது.

ஏர்கண்டிஷனை நான் நிந்திக்கவில்லை. சித்திரை வெயிலில் கணிப்பொறியோடு உழைக்கும் குமாஸ்தாவுக்கு, முன்னோர் பங்கா விசிறியில் திருப்தியடைந்தார்கள் என்று உபதேசம் செய்வது நியாயமாகாது. ஆனால் சென்னையின் புழுக்கமான நாட்களில் காற்றிலுள்ள ஈரம், சுமார் 25 பாகை வெப்பமுள்ள பரப்பைத் தொட்டாலே நீர்த்துளியாகிவிடும். அறையை 22 பாகைக்குக் குளிர்வித்து, உட்சுவரில் ஆவி புகாத வர்ணத்தையும் பூசிவிட்டால், வெளிக்காற்றின் ஈரம் சுவரின் வழியே உள்நோக்கி வந்து, வர்ணத்தின் பின்புறத்திலேயே நீராகிறது. வர்ணம் கொப்புளிப்பது அதனால்தான். குறையை வர்ணக் கம்பெனியின் தலையில் போட்டு, மறுபடியும் அதே வர்ணத்தைப் பூசுகிறார்கள்.

செய்யத்தக்கது வேறு. முழுக் கூடத்தையும் குளிர்விக்காமல், மனிதர் உட்காரும் உயரத்துக்கும் இடத்துக்கும் மட்டும் குளிர்ச்சியைக் கொண்டுவரலாம். குளிர்ந்தே தீரவேண்டிய இயந்திரங்களுக்கும் கலந்தாலோசனைக்கும், சுவரையோ தளத்தையோ தொடாமல் தரையின்மேல் தானே நிற்கும் கண்ணாடி அறைகளை அமைத்து, மற்ற இடத்தில் மேற்சாளரங்களைத் திறந்து, உயரத்திலிருந்து நீண்ட கம்பிகளில் விசிறிகளைத் தொங்கவிடலாம். பார்வைக்கும் அது நயமாகவே இருக்கும்.

5. கம்பியும் நெருப்பும், பொருத்தமும்

2012 ஜனவரியில் கலச மகாலில் தீப்பிடித்தது. தொழில் வணிகத் துறை, சமூக நலத் துறை முதலிய காரியாலயங்கள் அங்கே இருந்தன. மரத்தாலான பழைய தளமும், அதன் கீழும் மேலும் குவிந்திருந்த கோப்புகளும் நெருப்புக்கு இரையாக, கூரை சரிந்தது. கடமையில் ஈடுபட்டிருந்த தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். இதைச் சொல்லும்போது, மரத்தளமே ஆபத்து, இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் கட்டுவதே விவேகம் என்ற முடிவுக்கு வருவது எளிது. ஆனால் பருத்த தேக்கு உத்திரம் எளிதில் தீப்பற்றுவதன்று. பற்றினாலும் மேற்புறம் கரியாகி, அக்கரியே உட்புறத்துக்குக் கவசமாக, மெல்லத்தான் எரியும். நெருப்புக்கு வேகம் கொடுப்பவை காகிதக் குவியலும், பிளைவுட் தடுப்பும், பொய்க்கூரைக்கு மேலே யார் கண்ணிலும் படாமல் ஒன்றின்மேல் ஒன்றாக இழுத்துவிட்ட மின்கம்பிகளுமே. ஆகையால் கம்பிகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் குழாய்களில், சுவரை வெட்டாமல், தரையோரமாகச் செல்லவேண்டும் என்பது அழகுணர்ச்சியின் பாற்பட்ட யோசனையன்று. உயிர்ப் பாதுகாப்பின் பாற்பட்டது. புதிதாக நாம் சேர்ப்பது எதுவாயினும், நாளைக்கு வேண்டாம் என்றால் வடுவின்றி எடுத்துவிடத்தக்கதாக இருக்கவேண்டும்.

எரிந்துபோன கலச மகாலை இடிக்காமல், பொதுப்பணித் துறையினர் பழைய முறையிலேயே மீட்டெடுத்தார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே நடைபெறுகிறது. இதில் ஒரு பாடம் உண்டு. தீர்ப்பாயத்துக்கு வேண்டியவை சில பெரிய கூடங்கள். மாளிகையிடம் இருப்பவையும் பெரிய கூடங்களே. அறுபது குமாஸ்தாக்கள் உட்காரும் இலாகாப் பிரிவை அதே கூடத்தில் புகுத்தினால், மறுவாரமே தடுப்புச் சுவர்கள் எழும்பிவிடும். எனவே எந்தக் காரியாலயத்தைக் கொண்டுவருவது என்பதே மீட்புப் பணியின் முதல் வரைபடம்.

ரிப்பன் மாளிகையும் இதனையே காட்டுகிறது. ஜி. எஸ். டி. ஹாரிஸ் வரைந்த திட்டப்படி லோகநாத முதலியார் கட்டி, 1913-இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடம், அன்றுமுதல் இன்றுவரை மாநகராட்சிக் காரியாலயமே. நகரம் வளர வளர ஊழியர் தொகையும் பெருகியபோது, அத்தனை பேரையும் அங்கேயே அடைக்காமல், அதே வளாகத்தில் அம்மா மாளிகை என்னும் இணைப்புக் கட்டடத்தை எழுப்பினார்கள். புதுக் கட்டடம் சுமையை ஏற்றுக்கொள்வதனால்தான் பழைய கட்டடம் நிமிர்ந்து நிற்க முடிகிறது. ஆனால் இதற்கும் ஓர் எல்லை வேண்டும். சேப்பாக்கத்தில் பிற்காலக் கட்டடங்கள் முன்னே நெருங்கி எழுந்ததால், கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்கு அரண்மனையே எளிதில் தென்படாமற் போய்விட்டது.

6. ஒருமுறை மீட்பும் நித்திய மராமத்தும்

நம் நாட்டுச் சம்பிரதாயத்தில் கட்டடம் ஒருமுறை கட்டி முடித்துவிடும் பொருளன்று. கோயில்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்தவேண்டும் என்று வகுத்தவர்கள், சுதையும் சுண்ணாம்பும் காலத்தால் தேயும் என்பதை அறிந்தே வகுத்தார்கள். சர்க்கார் கட்டடங்களுக்கு அத்தகைய நியதி இல்லை. கோடிக்கணக்கில் செலவிட்டு மீட்கிறோம்; திறப்பு விழா நடத்துகிறோம்; மறுநாள் முதல், ஒழுகும் குழாயை அடைக்கச் சிமெண்டு மூட்டையோடு ஒருவர் வந்து சேர்கிறார்.

குறைந்த கூலிக்கு ஒப்புக்கொண்டவருக்கே வேலை என்னும் ஒப்பந்த முறை சுண்ணாம்பு வேலைக்குப் பொருந்துவதன்று. சுண்ணாம்பு காய்வதற்குக் காலம் கேட்கிறது. ஒப்பந்தம் காலத்தைக் குறைக்கச் சொல்கிறது. கலவையின் பதத்தைக் கரண்டியின் இழுப்பிலேயே அறியும் கொத்தனார்கள் ஒருசிலரே எஞ்சியிருக்கிறார்கள். ஒரு கட்டடத்தின் வேலை முடிந்ததும் அவர்களைக் கலைத்துவிட்டு, அடுத்த கட்டடத்துக்கு மறுபடியும் தேடுகிறோம். மீட்ட ஒவ்வொரு மாளிகைக்கும் அவர்களில் இருவரையேனும் நிரந்தரமாக நியமித்து, அவர்களுக்குக் கீழே இளைஞர்களைப் பழக்கி, எந்தச் சுவரில் எப்போது என்ன கலவை பூசப்பட்டது என்பதைக் குறித்துவைக்கும் பதிவேடு ஒன்றையும் ஏற்படுத்தினால், அதற்காகும் செலவு அடுத்த பெரிய மராமத்துச் செலவில் ஒரு சிறு பின்னமாகவே இருக்கும்.

மாணவ நண்பர்களே, உங்களில் சிலர் நாளைக்குப் பொறியாளர்களாகவும், நிர்வாகிகளாகவும், மராமத்து மதிப்பீடுகளில் கையெழுத்திடும் அதிகாரிகளாகவும் வருவீர்கள். பழைய மாளிகை ஒன்றின் மராமத்துக் கோப்பு உங்கள் மேஜைக்கு வரும் அன்று, முகப்புக்கு என்ன வர்ணம் என்ற பக்கத்தைப் புரட்டும் முன், மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: சுவரிலுள்ள சிமெண்டைப் பெயர்க்க இடம் வைத்திருக்கிறீர்களா? சட்டங்களின் முனைகளைக் குத்திப் பார்த்தீர்களா? கோப்புகளை வேறு எங்கே வைக்கப் போகிறீர்கள்? இம்மூன்றுக்கும் எழுத்து மூலமாக விடை வரும்வரை கையெழுத்திடாதீர்கள் என்பதே உங்களிடம் நான் வேண்டிக்கொள்வது.